நூலகத்துக்கு ஒரு பூட்டு

எங்கள் கல்லூரி நூலகத்தில் இரவல் பதிவேடு என்று ஒன்று இருந்தது. திகதி, பெயர், வகுப்பு, நூலின் பெயர், திருப்பித் தந்த திகதி என ஐந்து பத்திகள் கொண்ட தடித்த அட்டைப் புத்தகம். மேசையின் ஓரத்தில், நூலில் கட்டிய பேனையோடு எப்போதும் திறந்தே கிடக்கும். தன் பெயரை எழுதப் போகிறவள் தனக்கு மேலே உள்ள பதினைந்து இருபது பேரின் பெயர்களையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுவாள். காதல் நாவல் எடுத்தவளின் செய்தி இடைவேளை முடிவதற்குள் வகுப்புக்கு வந்து சேர்ந்துவிடும். கட்டிளமைப் பருவத்து உடல் மாற்றங்கள் பற்றிய சுகாதார நூல் ஒன்றும் எங்கள் நூலகத்தில் உண்டு. நல்ல நூல். அதன் பக்கங்கள் கசங்கி, ஓரங்கள் மடிந்து போயிருக்கின்றன. ஆனால் பதிவேட்டில் அதன் பெயரை நான் ஒரு தடவையும் கண்டதில்லை. எல்லோரும் அலுமாரிக்குப் பின்னால் நின்றபடியே வாசித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் உயர்தரத்தில் படித்த ராத்தாமார் தமது செயற்றிட்டமாக இந்தப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றினார்கள். பைதன் மொழியில், பிளாஸ்க் என்ற சட்டகத்தைக் கொண்டு செய்த சிறிய இணையச் செயலி அது. நூலகத்தில் உள்ள ஒரேயொரு கணினியில் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஆசிரியை காலையில் திறப்பார், பிற்பகலில் மூடுவார். நூலகக் கதவின் பூட்டே அதற்கும் போதுமாயிருந்தது. இவ்வருடம் மாணவிகள் வீட்டிலிருந்தே கைத்தொலைபேசியில் நூற்பட்டியலைப் பார்க்கவும் நூல்களை முற்பதிவு செய்யவும் வழி செய்ய வேண்டும் என்று நூலகப் பொறுப்பாசிரியை விரும்பினார். வேலை என்னிடமும் என் தோழியிடமும் வந்தது. வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றால் எந்த வீட்டிலிருந்தும் பார்க்கலாம். வந்து நிற்பவள் யார் என்று செயலிக்குத் தெரிந்தாக வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னபோது உம்மாவுக்கு முதலில் விளங்கியது பிளாஸ்க் என்ற சொல் மட்டும்தான். "தேத்தண்ணி பிளாஸ்க்கில என்ன மகள் புரோகிராம்?" என்றார். அவர் கேட்டதிலும் பொருள் இருந்தது. இந்தச் சட்டகத்தை ஆர்மின் ரொனாகர் என்பவர் 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் முட்டாள்கள் தினத்துப் பகிடி ஒன்றிலிருந்துதான் வளர்த்தெடுத்தார். ஏற்கெனவே பொட்டில் என்ற பெயரில் இன்னொரு சட்டகம் இருந்தது. அது போத்தல் என்றால் இது பிளாஸ்க். பின்னர் குக்கி என்ற சொல்லும் எங்கள் பேச்சில் அடிபடத் தொடங்கியதும், நாங்கள் படிக்கிறோமா அல்லது பின்னேரத் தேநீருக்கு ஆயத்தம் செய்கிறோமா என்று உம்மாவுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

உள்நுழையும் வாசலை நாங்களே எழுதிவிடலாம் என்பது தோழியின் எண்ணம். "நாலு வரிதானே? பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, அட்டவணையில் இருப்பதோடு ஒப்பிட்டால் முடிந்தது." அவள் சொன்ன நாலு வரி உண்மைதான். ஆனால் அந்த நாலு வரியைப் பலர் ஏற்கெனவே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்தில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையொன்றை பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. அத்தனை கடவுச்சொற்களும் ஒரு கோப்பில் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தன. தனக்கு ஒதுக்கிய நேரம் போதாதிருந்த அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் 1962 இல் அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கணினிக் கடவுச்சொல்லின் வயதும் அதைத் திருடிய கதையின் வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் கழிந்து 2009 இல் ரொக்யூ என்ற நிறுவனத்தின் தரவுத்தளம் உடைக்கப்பட்டபோது ஏறக்குறைய 32 மில்லியன் கடவுச்சொற்கள் எந்த மறைப்பும் இல்லாமல் வெளியே வந்தன. அவற்றில் மிக அதிகமாகக் காணப்பட்டது 123456.

எங்கள் கல்லூரி நூலகத்தை யார் உடைக்கப் போகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். தோழியும் கேட்டாள். நூலகத்துக்காக ஒருத்தி தெரிவு செய்யும் கடவுச்சொல் நூலகத்தோடு நிற்பதில்லை என்பதுதான் என் பதில். அதையேதான் அவள் முகநூலுக்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பாள், உம்மாவின் வங்கிச் செயலிக்கும் அதுவாக இருக்கலாம். எங்களிடமிருந்து அது கசிந்தால் இழப்பு எங்கள் நூல்களுக்கு அல்ல.

ஆகவே, பலரும் பல காலமாகப் பயன்படுத்தித் திருத்தி வந்த ஆயத்த நிரல்களை எடுத்துக்கொண்டோம். இப்படிப்பட்ட நிரல் தொகுதிகளையும் கணினி உலகில் நூலகம் என்றே அழைக்கிறார்கள். நூலகத்துக்குப் பூட்டுப் போட இன்னொரு நூலகம்! நாங்கள் தெரிவு செய்தது பிளாஸ்க்-லொகின். கடவுச்சொல்லை மறைத்து வைக்கும் வேலை அதனுடையது அல்ல. அதற்கு பிளாஸ்க்குடன் கூடவே வரும் வெர்க்சொய்க் என்ற நூலகம் இருக்கிறது. ஜேர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கருவி என்று பொருள்.

மறைத்து வைப்பது எப்படி என்பதை உம்மாவுக்கு வட்டிலப்பத்தைக் கொண்டு விளக்கினேன். கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலம் எல்லாம் சேர்த்து அடித்து அவித்து இறக்கிய பிறகு அதிலிருந்து முட்டையைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது. ஆனால் அதே சாமான்களை அதே அளவில் போட்டு அவித்தால் அதே வட்டிலப்பம் வரும். ("என்ட கையால ரெண்டு தரம் ஒரே மாதிரி வந்ததே இல்ல" என்றார் உம்மா. கணினியின் கைக்கு வரும்.) தரவுத்தளத்தில் நாம் வைப்பது கடவுச்சொல்லை அல்ல, அவித்து இறக்கியதை. மாணவி கடவுச்சொல்லைத் தட்டெழுதும் ஒவ்வொரு முறையும் புதிதாக அவித்து, வைத்திருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். அவளுடைய கடவுச்சொல் ஆசிரியைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால் இரண்டும் ஒரே மாதிரி வந்துவிடுமே என்று தோழி கேட்டாள். நல்ல கேள்வி. இதற்காகத்தான் ஒவ்வொருவருடைய கலவையிலும் வெவ்வேறு எழுத்துத் துணுக்கு ஒன்றைக் கலந்துவிடுகிறார்கள். அதற்குப் பெயரே உப்பு. ரொபர்ட் மொரிஸ், கென் தொம்சன் என்ற இருவர் 1979 இல் எழுதிய கட்டுரையில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. வெர்க்சொய்க்கின் புதிய பதிப்புகள் இதற்கு எஸ்கிரிப்ட் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அது வேண்டுமென்றே மெதுவாக, நினைவகத்தை நிறையச் சாப்பிட்டுக்கொண்டு வேலை செய்வது. ஒரு தடவை உள்ளே வருகிற மாணவிக்கு அந்தச் சொற்ப நேரம் தெரியவே தெரியாது. கோடிக்கணக்கான சொற்களைப் போட்டுப் பார்க்க நினைக்கும் திருடனுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, கடவுச்சொல் பொருந்திவிட்டது. அடுத்தது என்ன? எங்கள் வாசலில் நிற்கும் வோச்சர் மாமா காலையில் ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் பகல் முழுக்க நினைவில் வைத்திருப்பார். இணையத்தின் சேவையகம் அப்படி இல்லை. ஒரு பக்கத்தைக் கொடுத்து முடித்ததும் கேட்டவளை மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்டால் "நீ யார்?" என்று மறுபடியும் ஆரம்பிக்கும். அதனால் முதல் தடவை சரிபார்த்தவுடன் அவளுடைய மேலோடியிடம் ஒரு சிட்டையைக் கொடுத்து அனுப்புகிறோம். குக்கி என்பது இந்தச் சிட்டைதான். பிளாஸ்க் அதில் ஒரு இரகசியச் சாவியைக் கொண்டு முத்திரை குத்துகிறது. சிட்டையில் உள்ளதை யாரும் வாசிக்கலாம், ஆனால் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. அதில் நாங்கள் வைப்பது ஓர் இலக்கம் மட்டுமே. ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்க்-லொகின் அந்த இலக்கத்தை எடுத்து, நாங்கள் எழுதிக் கொடுத்த சிறிய நிரல் துண்டிடம் "இந்த இலக்கத்துக்குரியவள் யார்?" என்று கேட்கிறது. ஆளைக் காட்டினால் கதவு திறக்கும். கல்லூரியை விட்டு விலகிய மாணவியைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கிவிட்டால், அவளிடம் பழைய சிட்டை இருந்தும் பயனில்லை.

நாங்கள் எழுதிய நிரலின் அளவைச் சொன்னால் சிரிப்பீர்கள். நூலகத்தை நிறுவியது, அந்தத் துண்டு, உள்நுழையும் பக்கம், வெளியேறும் பக்கம், பூட்ட வேண்டிய ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "உள்நுழைந்தவருக்கு மட்டும்" என்று ஒரு வரி. இரண்டு பின்னேரங்களில் முடிந்துவிட்டது. மற்றவற்றுக்குத்தான் இரண்டு மாதம் போனது.

முதலில் தமிழ். கடவுச்சொல்லைத் தமிழிலும் வைக்கலாம் என்று நாங்கள் விரும்பினோம். சொந்த மொழியில் நீளமான ஒரு வசனம் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். பரிசோதனைக்கு வந்த தரம் 9 மாணவி ஒருத்தி வீட்டில் தன் உம்மாவின் போனில் தமிழில் ஒன்றை வைத்துக்கொண்டாள். மறுநாள் நூலகக் கணினியில் அதே சொல்லைத் தட்டெழுதினாள். தவறு என்றது. மறுபடியும் தவறு. மறந்திருப்பாய் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்ல, "மறக்கல்ல, இதுதான், இதேதான்" என்று கண்கலங்க நின்றாள். அவள் சொன்னதுதான் சரி. "கொ" என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுத முடியும். முன்னும் பின்னும் வரும் இரண்டு பகுதிகளும் சேர்ந்த ஒற்றைக் குறியாக எழுதலாம். அல்லது கொம்பு தனியாக, கால் தனியாக இரண்டு குறிகளாக எழுதலாம். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. போனின் விசைப்பலகை ஒரு விதமாகவும் கணினியின் விசைப்பலகை மற்ற விதமாகவும் எழுதியிருந்தன. சாமான் மாறினால் வட்டிலப்பமும் மாறும் அல்லவா? அவிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி பைதனில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வரி சேர்த்தோம். அந்தச் சின்னப் பெண்ணின் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே! ஆங்கிலத்தில் மட்டும் தட்டெழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது. நமக்கு வரும்.

அடுத்தது, "என்னை நினைவில் வைத்துக்கொள்" என்ற சிறிய பெட்டி. பிளாஸ்க்-லொகின் அதை ஆயத்தமாகவே தருகிறது. நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் அந்த நினைவு 365 நாள் நீடிக்கும். ஆளுக்கொரு போன் உள்ள வீட்டில் அது வசதி. எங்கள் மாணவிகளில் பலருடைய வீட்டில் ஒரு போன்தான். பகலில் உம்மாவிடம், மஃரிபுக்குப் பின் நானாவிடம், இரவில் தம்பியின் விளையாட்டுக்கு. அந்தப் போனில் ஒருத்தியை ஒரு வருடம் நினைவில் வைத்திருப்பது அவளுடைய பக்கத்தை வீடு முழுவதற்கும் திறந்து வைப்பதாகும். பெட்டியை எடுத்துவிட்டோம். பதினைந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானாகவே வெளியேற்றிவிடும்.

கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு என்ன வழி? பெரிய நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்புகின்றன. எங்கள் கீழ் வகுப்பு மாணவிகளிடம் மின்னஞ்சல் இல்லை. குறுஞ்செய்தி அனுப்பக் காசு வேண்டும், அதுவும் அந்த ஒரே போனுக்குத்தான் போகும். ஆசிரியையிடம் நேரில் வந்தால் போதும் என்று முடிவு செய்தோம். அவர் முகத்தைப் பார்த்து, ஒரு தடவை மட்டும் செல்லும் தற்காலிகச் சொல் ஒன்றைக் கொடுப்பார். உள்ளே போனதும் அதை அவள் மாற்றியே ஆக வேண்டும். முகம் பார்த்து ஆளை அறிவதில் எங்கள் ஆசிரியையை விஞ்சிய மென்பொருள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பக் கடவுச்சொல்லாக எல்லோருக்கும் சேர்விலக்கத்தையே வைத்துவிடலாம் என்று அவர் முதலில் சொல்லியிருந்தார். "டீச்சர், எங்கட வகுப்பில எல்லாருடைய சேர்விலக்கமும் எல்லாருக்கும் தெரியும்" என்றோம். சற்று யோசித்துவிட்டு, வகுப்பு வகுப்பாக வரவழைத்து ஒவ்வொருத்தியும் தானே வைத்துக்கொள்ளட்டும் என்றார். அதனால் அவருடைய பாடவேளைகள் பல போயின. அவர் முணுமுணுக்கவில்லை.

இவையெல்லாம் "நீ யார்?" என்ற கேள்வியைச் சுற்றியவை. பிளாஸ்க்-லொகினின் கையேடு ஒன்றைத் தெளிவாகவே சொல்கிறது: உள்நுழைந்தவரா இல்லையா என்பதற்கு அப்பால், யாருக்கு எது அனுமதி என்பதை அது கவனிக்காது. இதைச் சோதித்துப் பார்க்க, தோழி தன் பெயரில் உள்நுழைந்து தன் பக்கத்தைத் திறந்தாள். முகவரியின் கடைசியில் 214 என்று அவளுடைய இலக்கம் இருந்தது. அதை 215 என்று மாற்றினாள். என்னுடைய பக்கம் வந்தது. "பார், நான் நான்தான் என்று ஒழுங்காக நிரூபித்துவிட்டுத்தான் உன் பக்கத்தைப் பார்க்கிறேன்" என்றாள். பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. எந்த அறையின் சாவி எவளுக்கு என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். நிரலில் அது ஒரு நிபந்தனைதான், எழுதிவிடலாம். நிபந்தனை என்ன என்பதில்தான் சிக்கல். ஒரு மாணவி என்ன வாசிக்கிறாள் என்பதை யாரெல்லாம் பார்க்கலாம்?

அவளே பார்க்கலாம். பொறுப்பாசிரியை பார்க்க வேண்டும், நூல் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வகுப்பாசிரியை? மாணவத் தலைவி? பெற்றோர்? கடைசிக் கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்தது.

"என்ட மகள் என்ன வாசிக்கிறாள் எண்டு நான் பார்க்கக் கூடாதா?" என்றார் வாப்பா. கோபமாக அல்ல, உண்மையாகவே கேட்டார். பெற்றோருக்கும் ஓர் உள்நுழைவு கொடுங்கள் என்பது அவருடைய யோசனை. இதை வாசிக்கும் பெற்றோரில் பலருக்கும் அதே எண்ணம் இருக்கலாம். அது அக்கறையிலிருந்து வருவது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்குப் பதில் வரவில்லை. உம்மாதான் பேசினார்.

"உங்கட கடையில கடன் கொப்பி ஈக்கே, அதை யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

"அதெப்படிக் காட்டுறது? அது அமானிதம். பக்கத்து வீட்டுக்காரன் என்ன கடன் எண்டு அவன்ட தம்பி வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன்."

"தம்பி அக்கறையிலதானே கேட்பான்?"

வாப்பா சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. கடன்காரன் வளர்ந்தவன், மகள் பிள்ளை, இரண்டும் ஒன்றல்ல என்றார். அதுவும் நியாயம்தான். கடைசியில் அவர் சொன்னதை நான் அப்படியே பொறுப்பாசிரியையிடம் கொண்டு போனேன்: "எனக்குத் தெரிய வேணுமெண்டா நான் மகளிட்டக் கேட்பேன். மெஷினிட்டக் கேட்கத் தேவையில்ல."

பெற்றோருக்குத் தனி உள்நுழைவு வேண்டாம் என்று அதிபரின் சம்மதத்தோடு முடிவானது. விரும்பும் மாணவி தன் பக்கத்தைத் தானே திறந்து வீட்டில் காட்டலாம். வகுப்பாசிரியைகளுக்கு எத்தனை நூல் எந்த வகுப்புக்குப் போனது என்ற எண்ணிக்கை மட்டும் தெரியும், பெயர்கள் தெரியாது. இன்னொரு படியும் போனோம். திருப்பிக் கொடுத்த நூலோடு ஒருத்தியின் பெயர் எத்தனை காலம் ஒட்டியிருக்க வேண்டும்? உடனே அழித்துவிடலாம் என்றோம் நாங்கள். பக்கம் கிழிந்த நூல் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாமல் போகும் என்றார் ஆசிரியை. முப்பது நாள் என்று உடன்பட்டோம். அதன்பின் பெயர் அழிந்து எண்ணிக்கை மட்டும் எஞ்சும். நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. தேவைக்கு மேல் தரவைச் சேர்க்காதே, தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அதை நாங்கள் படித்தது இந்த விவாதத்துக்குப் பிறகுதான். உம்மாவிடம் சொன்னபோது, இதற்குச் சட்டம் வேறு போட வேண்டியிருக்கிறதா என்று கேட்டார்.

செயலி இரண்டாம் தவணையில் பாவனைக்கு வந்தது. அலுமாரிக்குப் பின்னால் வாசிக்கப்பட்ட அந்தச் சுகாதார நூலை இப்போது யாராவது வீட்டுக்குக் கொண்டு போகிறார்களா என்று அறிய எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. அறிய முடியாது. என் பெயரில் உள்நுழைந்தால் எனக்குத் தெரிவது என்னுடைய பக்கம் மட்டும். செய்தவள் என்பதற்காக எனக்கென்று பின்கதவு எதுவும் வைக்கவில்லை. ஆசிரியையிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

எங்களுக்குப் பரீட்சை நெருங்குகிறது. தரம் 12 இல் மூன்று பேர் இதைப் பொறுப்பேற்கிறார்கள். நூலகங்களின் புதிய பதிப்புகள் வரும்போது மாற்றுவது எப்படி, தரவுத்தளத்தைப் பிரதி எடுப்பது எப்படி என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த இரகசியச் சாவியைக் கொப்பியில் எழுதவில்லை. அது ஒரு கடிதவுறையில், ஒட்டி ஒப்பமிட்டு, அதிபரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நாங்கள் விலகும் அன்று அந்த மூவரும் அதை மாற்றிப் புதிதாக ஒன்றை வைப்பார்கள். அந்தக் கணத்தில் பழைய சிட்டைகள் எல்லாம் செல்லாமற்போய், எங்கள் இருவரையும் சேர்த்து எல்லோரையும் செயலி மறுபடியும் "நீ யார்?" என்று கேட்கும்.